யூ-டர்ன் இடைவெளிக்கு மேலே ஒரு கேமரா

கோவையில் சில வருடங்களாகப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்திருக்கிறார்கள். வெயிலில் சிக்னலுக்கு நின்று வெந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எனக்கும்தான். ஆனால் வண்டி நிற்காமல் போவது ஒரு விஷயம், அடிபடாமல் போவது இன்னொரு விஷயம். எங்கள் ஏரியாவில் சென்டர் மீடியனை உடைத்து விட்டிருக்கும் ஒரு யூ-டர்ன் இடைவெளியைப் பற்றிக் கேட்டால், "அங்க தினமும் ஒருத்தன் விழறான்" என்பார் ஒருவர். "இத்தனை வருசமா கடை வச்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லைங்க" என்பார் பக்கத்துக் கடைக்காரர். இரண்டு பேருமே தினமும் அதே இடத்தைப் பார்ப்பவர்கள். யார் சொல்வது சரி என்று பார்க்க, அந்த இடத்தின் கேமரா வீடியோவைக் கணினியில் ஓட்டி அலசிய பதிவு இது. இடத்தின் பெயர் வேண்டாம் என்று கேமரா வைக்க மாடி கொடுத்தவர் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை.

விபத்துக் கணக்கை வாங்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் 'கரும்புள்ளி' என்ற ஆபத்தான இடங்களின் பட்டியலில் சேரும். அதாவது பட்டியலில் சேரவே உயிரையோ கைகாலையோ கொடுத்தாக வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையும் தெருத்தெருவாகப் பிரித்தால் ஒரு யூ-டர்னுக்கு வருடத்துக்கு ஒன்று வரும், அல்லது ஒன்றும் வராது. ஒன்றையும் பூஜ்யத்தையும் வைத்துக்கொண்டு எந்த இடத்தையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

ஆனால் மயிரிழையில் தப்பியவர்கள் தினமும் இருக்கிறார்கள். அவர்களை எண்ணலாம் என்பது பழைய யோசனைதான். 1960-களின் பின்பாதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர், சந்திப்பில் எத்தனை முறை பிரேக் விளக்கு திடீரென்று எரிகிறது, எத்தனை பேர் சட்டென்று ஒதுங்குகிறார்கள் என்று ஆட்களை நிறுத்தி எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டர் ஹைடன் 1980-களில் அதை ஒரு முறையான அளவுகோலாக ஆக்கினார். இப்போது ஆட்களுக்குப் பதில் கேமரா. வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரம், ஏற்கெனவே மாட்டியிருந்த கேமராக்களை வைத்தே 40 சந்திப்புகளில் இதைச் செய்து பார்த்தது. கேரளத்தில் 2023 ஜூனில் வந்த 726 கேமராக்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஹெல்மெட் போடாதது போன்ற விதிமீறல்களுக்கு அபராதம் போடும் கேமராக்கள். இங்கே யார் தப்பு செய்தார் என்பது கேள்வியே இல்லை. இடம் என்ன தப்பு செய்ய வைக்கிறது என்பதுதான் கேள்வி.

கேமரா

முதலில் கடையின் போர்டுக்குக் கீழே இருந்த சிசிடிவி காட்சியைத்தான் எடுத்துப் பார்த்தேன். அது உதவாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் கேமராவுக்கு ஒரு டவுன் பஸ் வந்து நின்றால் உலகமே பஸ்தான். அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டில் ஒரு சாதாரண புல்லட் கேமராவைக் கட்டினேன். தரையிலிருந்து மூன்றாவது மாடி உயரம் வரும். இடைவெளியை நேர் எதிரே பார்க்காமல், சாலையின் போக்கில் சாய்வாகப் பார்க்கிற மாதிரி வைத்தேன். நேர் எதிரே வைத்தால் திரும்பக் காத்திருக்கும் வேன் தனக்குப் பின்னால் இருக்கும் பைக்குகளை எல்லாம் மறைத்துவிடும்.

மாடிக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"தம்பி, இதுல நம்பர் பிளேட் எல்லாம் தெரியுமா? நாளைக்கு என் கஸ்டமருக்கே ஃபைன் வந்துடப் போவுதுங்க."

"தெரியாதுங்கண்ணா. நம்பரும் முகமும் தெரியாத மாதிரிதான் எடுக்கறேன். வேணும்னா நீங்களே பாருங்க."

காட்டியதும் சமாதானமாகிவிட்டார். அகலமான காட்சியைக் குறைந்த தெளிவில்தான் சேமித்தேன். பஸ்ஸா பைக்கா என்று தெரியும், யார் என்று தெரியாது. வண்டிகளின் பாதைகளைப் புள்ளிகளாக எடுத்தபின் வீடியோவை அழித்துவிட்டு, சந்தேகத்துக்குரிய சிறு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தெருவில் போகிறவர்கள் யாரும் என்னிடம் படம் எடுக்கச் சொல்லவில்லையே.

கேமரா விஷயத்தில் யாரும் சொல்லித்தராத ஒன்று சிலந்தி. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். காலையில் பார்த்தால் லென்ஸுக்குக் குறுக்கே ஒரு நூல், அது காற்றில் ஆட ஆட, படத்தில் வண்டிகளைக் கண்டுபிடித்துச் சுற்றிப் பெட்டி போடும் மென்பொருள் (மாடல்) அதையும் வண்டி என்று நினைத்துப் பெட்டி போட்டுக்கொண்டிருக்கும். அகச்சிவப்பை அணைத்துவிட்டேன். தெருவிளக்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டேன். ஈரத் தாரில் ஹெட்லைட் விழுந்தால் ஒரு வண்டி இரண்டாகிவிடும்.

அளவெடுப்பு

படத்தில் ஒரு பைக் 40 பிக்சல் நகர்ந்தது என்றால் ரோட்டில் எத்தனை மீட்டர்? இது தெரியாமல் மற்றது எதுவும் நடக்காது. சாய்வாகப் பார்க்கும் படத்தை மேலிருந்து பார்க்கும் வரைபடமாக மாற்ற, இரண்டிலும் ஒத்துப்போகும் நான்கு புள்ளிகளாவது தெரிந்திருக்க வேண்டும். கணக்குக்கு நான்கு போதும், நிஜத்தில் பத்துப் பன்னிரண்டு வைத்துக்கொள்வது நல்லது. மீடியன் கல்லின் முனை, பாதாளச் சாக்கடை மூடி, மின்கம்பத்தின் அடி, அழிந்துபோன வரிக்கோட்டில் மிஞ்சியிருக்கும் பட்டை இப்படி.

விடியற்காலை, பால்வண்டிகள் மட்டும் ஓடும் நேரத்தில், நண்பன் டார்ச் காட்ட, 30 மீட்டர் டேப்பை இழுத்து அளந்தோம். பக்கங்களை மட்டும் அளந்தால் போதாது, குறுக்குமூலைகளையும் அளக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்கும் மேஸ்திரி மூலைமட்டம் பார்க்கிறாரே, அதே வேலைதான். அதற்கு முன்னால் லென்ஸின் வளைவையும் சரிசெய்தாக வேண்டும். அகலமான லென்ஸில் நேரான மீடியன் வில்லாக வளைந்து தெரியும். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு தாளை அச்சிட்டு, கேமரா முன் பல கோணங்களில் காட்டினால், படங்களை அலசும் ஓபன்சிவி என்ற மென்பொருள் அந்த வளைவைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல் நேரம். ரெக்கார்டர் பெட்டி விநாடிக்கு 15 பிரேம், அதாவது 15 படம், என்று எழுதிக்கொள்ளும், ஆனால் நெட்வொர்க் திணறும்போது சில பிரேம்களை விழுங்கிவிடும். சில பெட்டிகள் ஏற்றுமதி செய்யும்போது அதையே 25 பிரேமாக மாற்றி எழுதிவிடும். அப்படி வந்தால் 30 கி.மீ. வேகத்தில் போன வண்டி 50-ல் பறந்த மாதிரி கணக்கில் வரும். பிரேமை எண்ணி நேரம் கண்டுபிடிக்காமல், ஒவ்வொரு பிரேமுக்கும் உள்ளே பதிந்திருக்கும் நேரக்குறியை எடுத்துக்கொண்டேன். அப்புறம் என் ஸ்கூட்டரில் போனின் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு அந்த இடத்தைச் சீராகக் கடந்து, இரண்டு வேகமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். கேமராவுக்கு அருகில் நன்றாக ஒத்துப்போனது. தூரம் போகப் போக ஒரு பிக்சலே ஒரு சாண் அளவுக்கு வந்துவிடுவதால் பிசகு கூடியது. அதனால் இடைவெளியைச் சுற்றி ஏறக்குறைய 40 மீட்டருக்குள் நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாடலுக்கு ஆட்டோ தெரியாது

வண்டிகளை அடையாளம் காண யோலோ வரிசை மாடல் ஒன்று. அது பழகியிருப்பது கோகோ என்ற தரவுத்தொகுப்பில். அதில் 80 வகைப் பொருட்கள் உண்டு. ஒட்டகச்சிவிங்கி உண்டு, பனிச்சறுக்குப் பலகை உண்டு, ஆட்டோ கிடையாது. அதனால் நம்மூர் ஆட்டோ ஒரு பிரேமில் கார், அடுத்த பிரேமில் லாரி, அதற்கடுத்த பிரேமில் காணாமல் போய்விடும். ஹைதராபாத் ஐஐஐடி தந்திருக்கும் இந்தியச் சாலைத் தரவுத்தொகுப்பில் ஆட்டோவுக்குத் தனிவகை உண்டு. ஆனால் அந்தப் படங்கள் ஓடும் காருக்கு முன்னால் மாட்டிய கேமராவில் எடுத்தவை. மாடியிலிருந்து பார்த்தால் ஆட்டோ என்பது வெறும் மஞ்சள் கூரை. ஆக, அதில் பழக்கிய பிறகும் என் கேமராப் படங்களில் சில நூறு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பெட்டி போட வேண்டியிருந்தது. மூளைக்கு வேலை இல்லை, கைக்குத்தான். பாட்டு போட்டுக்கொண்டு செய்யலாம்.

பைக்கும் ஓட்டுபவரும் மாடலுக்கு இரண்டு தனித்தனிப் பொருட்கள். பின்னால் மனைவி, முன்னால் குழந்தை என்றால் நான்கு. இவர்களை ஒன்றாகச் சேர்க்காவிட்டால் 'பாதசாரி பைக்கின் மேல் ஏறி நிற்கிறார்' என்று நிமிடத்துக்கு நூறு மோதலைப் பதிவு செய்யும். பைக்கின் பெட்டியோடு ஒட்டியே நகரும் எல்லா ஆட்களையும் ஒரே டூவீலராகக் கட்டிவிடும் சின்ன விதி ஒன்று எழுதினேன்.

ஒவ்வொரு வண்டியையும் பிரேம் பிரேமாகத் தொடர பைட்டிராக் என்ற முறை. பஸ்ஸுக்குப் பின்னால் பாதி மறைந்த பைக்கை மாடல் அரைகுறை நம்பிக்கையோடு காட்டும். மற்ற பல முறைகள் அதைத் தூக்கிப் போட்டுவிடும், பைட்டிராக் அந்த அரைகுறைப் பெட்டிகளையும் வைத்துப் பழைய பாதையோடு ஒட்டிப் பார்க்கும். நம் ரோட்டுக்கு அது ரொம்பவே தேவை.

எது மயிரிழை?

பிரச்சினையே இங்கேதான். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்துவிடலாம்.

வழக்கமான அளவுகோல்கள் இரண்டு. இரண்டு வண்டிகளும் இதே வேகத்தில் இதே திசையில் போனால் இடிக்க இன்னும் எத்தனை விநாடி என்பது ஒன்று. ஒரு வண்டி ஓரிடத்தை விட்டு நகர்ந்ததும் அடுத்த வண்டி அதே இடத்துக்கு வர எத்தனை விநாடி ஆனது என்பது இன்னொன்று. ஒன்றரை விநாடிக்குக் கீழே போனால் ஆபத்து என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 36 கி.மீ. வேகத்தில் ஒன்றரை விநாடி என்றால் 15 மீட்டர். கோவையில் சாயங்காலம் இரண்டு பைக்குகளுக்கு நடுவே 15 மீட்டர் இடைவெளி யாருக்குக் கிடைக்கும்? அந்த அளவை அப்படியே போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. யூ-டர்ன் அடித்த எல்லோரும் சாவின் விளிம்பில் இருந்தார்கள். லேன் பார்த்து ஓடும் ஊர்களுக்கான அளவு அது.

கோணத்தை வைத்து முதல் சல்லடை. பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் போகிறவர்களை விட்டுவிட்டு, 30 டிகிரிக்கு மேல் குறுக்கிடுபவர்களை மட்டும் எடுத்தேன். ஒன்றரை விநாடி என்ற அளவை ஒரு விநாடியாகக் குறைத்தேன். அப்படியும் மூட்டை மூட்டையாக மிஞ்சின. அவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க, டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர் ஒருவரைப் பிடித்தேன். லேப்டாப்பை டீக்கடை பெஞ்சில் வைத்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினேன்.

கணினி மிக மோசம் என்று முதலிடத்தில் வைத்திருந்த துண்டை அவர் பார்த்தார். ஒரு ஆட்டோ திரும்புகிறது, அதன் முன்சக்கரத்தை உரசுகிற மாதிரி ஒரு மொபெட் போகிறது.

"இதுல ஒண்ணுமில்ல கண்ணு. அவன் அங்கிருந்தே பார்த்துட்டான். பார்த்துட்டுத்தான் வர்றான்."

"எப்படிங்க ஐயா சொல்றீங்க?"

"வண்டி வேகத்தப் பாரு. முன்னாடியே விட்டுட்டான் பாரு. ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி போறாங்க."

திரும்ப ஓட்டினேன். உண்மைதான். மொபெட் 20 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்திருந்தது. அடுத்து, கணினி எங்கோ பட்டியலின் நடுவில் போட்டிருந்த ஒரு துண்டு. இரண்டு பைக்குகளுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. ஐயா நாக்கைச் சப்புக்கொட்டினார். "இவன் செத்துருக்கணும்" என்றார். வந்த பைக் கடைசி வரை வேகம் குறையவே இல்லை, கடைசி நொடியில் ஹேண்டிலை வெட்டியிருக்கிறது.

நெருக்கம் மட்டும் நம்மூரில் ஆபத்து இல்லை. நம்மவர்கள் நெருக்கமாகப் போவதில் கைதேர்ந்தவர்கள். நெருக்கமும் இருந்து, இருவரில் ஒருவர் அதுவரை மற்றவரைப் பார்த்திருக்கவும் இல்லை என்றால்தான் ஆபத்து. கேமராவுக்குக் கண்பார்வை தெரியாது, ஆனால் பார்த்தவரின் வேகம் முன்கூட்டியே குறையும், பார்க்காதவரின் வேகம் கடைசியில்தான் உடையும். அதை விதியாக எழுதினேன்: குறுக்கிடுவதற்கு இரண்டு விநாடி முன்புவரை வேகம் குறையாமல் இருந்து, அதன்பின் ஒவ்வொரு விநாடியிலும் வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் சரிந்தாலோ பாதை சட்டென்று வெட்டினாலோ பட்டியலில் சேர். பெட்டிகளின் இடம் பிரேமுக்குப் பிரேம் கொஞ்சம் நடுங்கும். அதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து வேகச்சரிவு என்று போனால் அந்த நடுக்கம் பூதமாகிவிடும், எனவே பாதைகளை முதலில் மழித்து மென்மையாக்கித்தான் கணக்கிட வேண்டும். இந்த விதிக்குப் பிறகு கணினியின் பட்டியலும் ஐயாவின் முகச்சுளிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போக ஆரம்பித்தன.

குட்டியானையின் மறைவில்

வடிகட்டியவற்றை வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டதும் அவை மூன்று இடங்களில் குவிந்தன.

முதலாவது இடைவெளியின் வாயில். காரும் பைக்கும் ஒரே வீச்சில் திரும்பிவிடுகின்றன. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியோ ஸ்கூல் வேனோ வந்தால் முடிவதில்லை. மூக்கை எதிர்ச்சாலைக்குள் நீட்டி, காத்து நிற்கும். அதற்குள் நாலைந்து பைக்குகள் அதன் வலப்பக்கம், அதாவது எதிரே வரும் வண்டிகளுக்குத் தெரியாத பக்கம், மீடியன் கல்லை ஒட்டி நுழைந்துவிடும். எதிர்ச்சாலையில் வருபவருக்குக் குட்டியானை மட்டும்தான் தெரிகிறது. அது நிற்கிறது என்று பார்த்ததும் வேகத்தைக் குறைக்காமல் அதன் மூக்கைச் சுற்றி ஒதுங்கிப் போகிறார். அதே நேரம் வலப்பக்கத்திலிருந்து ஒரு பைக் வெளியே எட்டுகிறது. எட்டுபவருக்கும் எதிரே வருவது தெரியாது, வண்டிதான் மறைக்கிறதே. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது நடுவே இருப்பது ஒரு காரின் நீளம். ஐயா நாக்கைச் சப்புக்கொட்டிய துண்டுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். பக்கத்துக் கடைக்காரர் 'ஒன்றும் ஆனதில்லை' என்றதும் பொய்யில்லை. அவர் கடையிலிருந்து பார்த்தாலும் குட்டியானைதான் தெரியும்.

இரண்டாவது, ராங் சைடில் வருபவர்கள். அடுத்த யூ-டர்ன் வரை போய்வரச் சோம்பல்பட்டு ஓரமாக எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள். மூன்றாவது, நடந்து கடப்பவர்கள். சிக்னல் இருந்தபோது வண்டிகள் நின்றன, மக்கள் கடந்தார்கள். இப்போது வண்டிகள் ஓயாமல் வருகின்றன. பஸ் இறங்கியவர்கள் யூ-டர்ன் இடைவெளியையே கடக்கும் வழியாக எடுத்துக்கொண்டு, திரும்பும் வண்டிகளுக்கு நடுவே மீடியன் முனையில் நிற்கிறார்கள். அவர்களுடைய துண்டுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் வெறும் உடம்பு, அதனால் ஒரு துண்டும் பத்துக்குச் சமம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2022-ல் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் ஐந்தில் ஒருவர், கிட்டத்தட்ட, நடந்து போனவர்.

இதை எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் பிரிவில் ஒரு அதிகாரியைப் பார்த்தேன். வண்ண வரைபடத்தை ஒரு நொடி பார்த்து ஓரமாக வைத்தார். "வீடியோ இருக்கா?" என்றார். குட்டியானைத் துண்டுகளை வரிசையாக ஓட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, "சரி, வாயை ஒடுக்கிப் பார்ப்போம்" என்றார். பேரிகேடுகளையும், மோதினால் மடங்கி நிமிரும் ஆரஞ்சுக் கம்பங்களையும் வைத்து, திரும்பும் இடத்தில் ஒரே ஒரு வண்டி மட்டும் நிற்கிற அகலத்துக்குப் பாதையை ஒடுக்கினார்கள். வேனின் வலப்பக்கம் பைக் நுழைய இடம் இல்லை. செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. மோசமான நாட்களைப் பார்த்து ஒரு மாற்றம் செய்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வாரம் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். அதனால் அதே கிழமைகள், அதே மணிநேரங்கள், பள்ளி நடக்கும் நாட்கள் என்று பொருத்தி எடுத்தேன். மொத்த எண்ணிக்கையைப் பார்க்காமல், திரும்பிய வண்டிகள் ஆயிரத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டேன். குட்டியானை மறைவில் நடப்பவை ஏறக்குறைய நின்றே போயின. திரும்பக் காத்திருக்கும் வரிசை கொஞ்சம் நீண்டது, அதற்கு ஹார்ன் சத்தம் கூடியது. ராங் சைடு ஆட்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், கம்பம் வைத்தால் கம்பத்துக்கு அந்தப்பக்கம் வருகிறார்கள். இரண்டு கம்பங்கள் ஒரு மாதத்துக்குள் அடியோடு போய்விட்டன. அந்த இடத்தில் மறுபடி ஒரு பைக் அகலத்துக்குச் சந்து விழுந்திருக்கிறது, புள்ளிகளும் மெல்ல அங்கே திரும்புகின்றன.

நடப்பவர்களுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. அவர்கள் மீடியனில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று இப்போது தனியாக அளந்துகொண்டிருக்கிறேன். ரோட்டைக் கடக்கும் இடத்தை இடைவெளியிலிருந்து தள்ளி, பஸ் ஸ்டாப்புக்கு நேராக, நடைமேடை உயரத்துக்குத் தூக்கிக் கட்டித்தரச் சொல்லி அதே அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். அதற்கும் துண்டு வீடியோக்கள்தான் தயார் செய்கிறேன், வரைபடம் அல்ல.